உலூகலம்: வேதம் பெயர் சொல்லி அழைத்த வீட்டு உரல்

ரிக் வேதத்தின் முதல் மண்டலத்தில் 28ஆம் சூக்தம் ஒன்பது மந்திரங்கள் மட்டுமே கொண்ட சிறிய பாடல். அதன் ஐந்தாம் மந்திரத்தில் ரிஷி ஓர் உரலை முன்னிலையில் நிறுத்தி அதனோடு பேசுகிறார். ‘உரலே, வீடுதோறும் உன்னை வேலைக்கு வைக்கிறார்கள் என்றாலும், இங்கே நீ வெற்றி பெற்றோரின் முரசைப் போலத் தெளிவாக முழங்கு’ என்பது அதன் கருத்து. மூலத்தில் உரலுக்கு வழங்கும் சொல் ‘உலூகலம்’. அதில் வரும் ககரம் மூச்சு ஓங்கி ஒலிக்கும் வடமொழியின் இரண்டாம் ககரம். இந்த மந்திரத்தில் அச்சொல் ‘உலூகலக’ என்று ஒரு ‘க’ விகுதியும் சேர்ந்து விளியாக வருகிறது. ஒரு பொருளின் சிறுமையையோ அதன்மேல் உள்ள அன்பையோ காட்ட வடமொழி சேர்க்கும் விகுதி அது.

அகராதியில் உலூகலம் என்பதற்கு ‘உரல்’ என்ற ஒரு சொல்லே பொருளாக இருக்கும். அது சரியான பொருள்தான். ஆயினும் இச்சொல் எந்தெந்த நூல்களில், எந்தக் காரியத்திற்காக வந்திருக்கிறது என்று தொடர்ந்து படித்தபோது, வீட்டுக்குள் கிடந்த ஒரு பொருளை ஒரு மொழி எவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறது என்ற வியப்பு எனக்கு அடங்கவில்லை. வேள்விக் களத்துக்கும் மருத்துவ நூலுக்கும் புராணத்துக்கும் போன பிறகும் இந்தச் சொல் வீட்டை மறக்கவில்லை என்பதையே இங்கே எழுத விரும்புகிறேன்.

சோமக் கொடியைப் பிழிய வேத காலத்தில் வழக்கமாகப் பயன்பட்டவை கற்கள். ‘கிராவன்’ என்ற பெயர் கொண்ட அந்தப் பிழிகற்களைப் போற்றும் சூக்தங்களே ரிக் வேதத்தில் தனியாக உண்டு. இந்தச் சூக்தத்தில் மட்டும் சோமம் உரலில் இடிபடுகிறது. முதல் நான்கு மந்திரங்களும் ‘உலூகலத்தில் பிழிந்த சோமத்தை, இந்திரனே, பருகு’ என்ற ஒரே பல்லவியோடு முடிகின்றன. மூன்றாம் மந்திரத்தில் ஒரு பெண் வருகிறாள். முன்னும் பின்னுமாகப் போய்வரும் அசைவைப் பழகுகிறாள் என்று மட்டும் மந்திரம் சொல்கிறது. நான்காம் மந்திரத்தில், குதிரையை அடக்கக் கடிவாள வாரைப் பிடிப்பதுபோல, மத்தைக் கயிற்றால் கட்டுகிறார்கள். உரல், இடிக்கும் பெண், கயிறு கட்டிய மத்து என்று அடுத்தடுத்துப் பார்க்கும்போது நாம் நிற்பது வேள்விச்சாலையிலா, ஒரு வீட்டின் பின்கட்டிலா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

மரபு இந்தச் சூக்தத்தைச் சுனச்சேபனுக்கு உரியதாகச் சொல்கிறது. அரிச்சந்திரனின் மகன் ரோகிதனுக்குப் பதிலாகப் பலியிடுவதற்காக, பெற்ற தந்தையே நூறு பசுக்களுக்கு விற்றுவிட்ட சிறுவன் அவன். வேள்வித் தூணில் கட்டப்பட்ட நிலையில் தேவர்களை ஒருவர்பின் ஒருவராகத் துதித்துக் கட்டு அவிழப்பெற்றான் என்றும், அதன்பின் அந்த வேள்வியை முடித்துவைக்கும் பொறுப்பும் அவனிடமே வந்தது என்றும் ஐதரேய பிராமணம் என்ற வேள்வி விளக்க நூல் கூறுகிறது. அப்போது அவன் ‘அஞ்சஸ்ஸவம்’ என்ற, நேரடியாகப் பிழியும் முறையைக் கண்டான். ‘வீடுதோறும்’ என்று உரலை அழைக்கும் அந்த மந்திரம் முதலாக நான்கு மந்திரங்களைச் சொல்லிச் சோமத்தைப் பிழிந்தான். சாவின் விளிம்பிலிருந்து மீண்ட ஒரு சிறுவனுக்குக் கைகொடுத்தது எல்லா வீட்டிலும் இருக்கும் உரல் என்று இதை நான் படிக்கிறேன்.

முரசோடு உரலை இணைத்திருப்பதும் கவனிக்கத்தக்கது. ‘மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி, உரலுக்கு ஒரு பக்கம் இடி’ என்று நாமும் இவ்விரண்டையும் சேர்த்துப் பேசுகிறோம்; நம் பழமொழி அடிபடுவதன் துன்பத்தை எண்ணுகிறது. வேதக் கவி அதே இடியில் வெற்றி முழக்கத்தைக் கேட்டிருக்கிறார்.

இனி, சொல்லுக்கு வருவோம். வேதச் சொற்களுக்குப் பொருள் கூறிய யாஸ்கர், நிருக்தத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில், மண்ணுலகைச் சார்ந்த தெய்வங்களாக வேதம் போற்றும் பொருள்களை வரிசையாக விளக்குகிறார். குதிரை, தவளை, சூதாட்டக் காய், தேர், முரசு, வில், அம்பு ஆகியவற்றோடு உலூகலமும் அந்த வரிசையில் நிற்கிறது. போர்க்களத்துப் பொருள்கள் நிறைந்த பட்டியலில் சமையற்கட்டிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் உரல் அது. அதன் பெயருக்கு யாஸ்கர் மூன்று காரணங்களைச் சொல்கிறார். ‘உருகரம்’, அதாவது மிகுதியாக்குவது. ‘ஊர்த்வகம்’, அதாவது மேல்நோக்கிய துளையை உடையது. ‘ஊர்க்கரம்’, அதாவது உணவையும் அதனால் வரும் வலிமையையும் ஆக்கித் தருவது. ‘எனக்கு மிகுதியாக்கு என்று சொல்லப்பட்டதால் அது உலூகலம் ஆயிற்று’ என்று பிராமண நூல் வாக்கியம் ஒன்றையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். சதபத பிராமணத்திலும் இதே விளக்கம் உண்டு: உண்மையில் அது ‘உருகரம்’தான், ஆனால் தேவர்கள் மறைபொருளை விரும்புகிறவர்கள் என்பதால் அதை ‘உலூகலம்’ என்று மறைத்துச் சொல்கிறார்கள் என்று அந்த நூல் கூறுகிறது.

இன்றைய மொழியியலார் யாரும் இவற்றைச் சொல்லின் பிறப்பு வரலாறாக ஏற்கமாட்டார்கள். நானும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இம்மூன்று விளக்கங்களும் உரலைக் கண்ணால் கண்டு கையால் தொட்டவர்கள் சொன்னவை என்பதில் எனக்கு ஐயமில்லை. நெல்லை இடித்துப் புடைத்தால் அளவில் குறையவே செய்யும். அப்படியிருக்க, இடிப்பதை ‘மிகுதியாக்குதல்’ என்று கருத வேண்டுமானால், உமியோடு கிடந்த தானியம் உணவாக மாறுவதையே பெருக்கமாகக் கண்டிருக்க வேண்டும். மூன்றாம் விளக்கம் அதையே நேராகச் சொல்கிறது.

பிற்காலத்து இலக்கணிகள் இரண்டாம் விளக்கத்தைக் கைக்கொண்டார்கள். பாணினியின் இலக்கணத்தில், வழக்கமான விதிகளால் பிரித்துக்காட்ட முடியாத சொற்களைச் சான்றோர் வழக்கில் உள்ளபடியே ஏற்றுக்கொள்ளச் சொல்லும் ஒரு சூத்திரம் உண்டு. அதற்கு உரை எழுதிய காசிகை, ‘எதன் துளை மேல்நோக்கியதோ அது உலூகலம்’ என்று சொல்லி, ஊர்த்வம், கம் என்ற இரு சொற்களும் முறையே ‘உலூ’, ‘கல’ என்று திரிந்தன என்கிறது. இதில் வரும் ‘கம்’ என்ற சொல் மிகப் பழமையானது. பின்னாளில் அதற்கு ஆகாயம் என்ற பொருள் ஏறினாலும், தொடக்கத்தில் குடைவு, துளை என்பதே பொருள். வேதத்தில் தேர்ச் சக்கரத்தின் நடுவில் அச்சு நுழையும் துளைக்கும் அதுவே பெயர். சுகம் என்பது முதலில் நல்ல அச்சுத்துளை உடைய, தடங்கலின்றி ஓடும் தேரைக் குறித்த அடைமொழி. உரலில் அந்தத் துளை வானைப் பார்த்துத் திறந்திருக்கிறது. குடமும் சட்டியும் மேல்நோக்கித் திறந்தவைதானே என்று கேட்கலாம். ஆனால் அவை மெல்லிய சுவர் எழுப்பிச் செய்யப்படுபவை. ஒரு திண்ணிய கட்டையை மேலிருந்து குடைந்து, அடியை அப்படியே விட்டுவைப்பது உரல் ஒன்றுதான். குழிதான் அதன் பயன், மற்றதெல்லாம் அந்தக் குழியைத் தாங்கும் கனம். சொற்பிறப்பு பிழையாக இருக்கலாம்; பொருளைப் பார்த்த பார்வையில் பிழையில்லை.

அப்படியானால் சொல் எங்கிருந்து வந்தது? இதற்கு இந்தோ ஐரோப்பிய வேர் எதுவும் தெளிவாகக் கிடைக்கவில்லை. தாமஸ் பரோ என்ற ஆங்கிலேய அறிஞர், வடமொழியில் கலந்த திராவிடச் சொற்களைத் தொகுத்தபோது, இதனைத் தமிழ், மலையாளத்தின் உலக்கை, கன்னடத்தின் ஒலகெ, தெலுங்கின் ரோகலி ஆகியவற்றோடு சேர்த்தார். டச்சு அறிஞர் கைப்பர், ரிக் வேதத்தில் உள்ள ஆரியமல்லாத சொற்களின் வரிசையில் இதை வைத்தார். தமிழ் வாசகர்களுக்கு ‘இது நம்முடைய சொல்’ என்று உடனே கொண்டாடத் தோன்றும். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் உலக்கை இடிக்கும் தடி, உலூகலம் இடிபடும் குழி. இணைபிரியாத இரண்டு கருவிகளில் ஒன்றின் பெயர் மற்றதற்கு ஏறுவது நடக்கக்கூடியதுதான் என்றாலும், அதை முடிந்த முடிவாகச் சொல்லும் அளவுக்குச் சான்று போதவில்லை. ‘உதூகலம்’ என்று தகரம் வரும் வடிவமும் வடமொழியில் இருப்பதும், பாலி மொழியில் ‘உதுக்கல’ என்று வழங்குவதும், பல வாய்களில் பலவாறு ஒலித்த ஓர் இரவல் சொல்லாக இது இருக்கலாம் என்ற எண்ணத்தையே வலுப்படுத்துகின்றன. தேருக்கும் குதிரைக்கும் தம் மூதாதையரின் சொற்களையே வைத்திருந்த மக்கள் தானியம் குற்றும் கருவிக்கு வேற்றுச் சொல்லை ஏற்றிருந்தால், அந்த வேலையை அவர்கள் வீட்டில் யார் செய்தார்கள் என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை நூல்களில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இச்சொல்லைக் கடந்து போவதும் நியாயமாகாது.

யஜுர் வேதத்தைச் சேர்ந்த தைத்திரீய சம்ஹிதை வேள்விக்குரிய ஆயுதங்கள் என்று பத்தைச் சொல்கிறது. மரவாள், ஓட்டுச் சில்லுகள், அக்னிஹோத்திரக் கரண்டி, முறம், கருமான் தோல், முளை, உலூகலம், உலக்கையாகிய முசலம், அம்மியாகிய திருஷத், குழவியாகிய உபலை என்பவை அவை. இவற்றில் சரிபாதி, அதாவது முறம், உரல், உலக்கை, அம்மி, குழவி ஆகிய ஐந்தும், எந்த வீட்டுச் சமையற்கட்டிலும் இருந்தவை. பௌர்ணமி, அமாவாசை வேள்விகளில் தீயில் இடும் உணவாகிய அவிசுக்கான நெல்லைக் கருமான் தோலின்மேல் வைத்த உரலில் குற்றுவார்கள். உரலை வைக்கும்போது சொல்லும் யஜுர் மந்திரம் என் மனத்தை விட்டு அகலாதது: ‘அத்ரிரஸி வானஸ்பத்யஹ’. மரத்திலிருந்து வந்த கல் நீ என்பது பொருள். சோமத்தைக் கல்லால் நசுக்குவதுபோல இங்கே நெல்லை உரலும் உலக்கையும் நசுக்குவதால் இவற்றுக்கும் கல் என்பது பெயர் என்று சதபத பிராமணம் விளக்குகிறது. நம்மில் பலருக்கு உரல் என்றதும் கல்லுரலே நினைவுக்கு வருவதால் இந்த மந்திரத்தின் முரண் உடனே பிடிபடாது. வேதத்து உரல் மரத்தால் ஆனது, அதனால்தான் அதைக் கல் என்று அழைப்பதற்கு ஒரு மந்திரம் தேவைப்பட்டது. உலக்கையை எடுக்கும்போது ‘அவிசை ஆக்குபவளே, வா’ என்ற பொருளில் மூன்று முறை அழைக்க வேண்டும். முற்காலத்தில் அந்த அழைப்பைக் கேட்டு எழுந்து வந்தவள் வேள்வி செய்பவனின் மனைவி என்றும், இப்போது அவளோ வேறு யாரோ எழுகிறார்கள் என்றும் அதே நூல் சொல்கிறது. உரலடியிலிருந்து பெண் மெல்ல விலக்கப்பட்ட செய்தி சடங்கு விளக்கத்தின் நடுவே இவ்வளவு வெளிப்படையாகப் பதிவாகியிருப்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

உரல் ஒருகாலத்தில் மரமாக நின்றது என்பதை ரிக் வேதம் மறப்பதில்லை. மேலே சொன்ன சூக்தத்தின் ஆறாம் மந்திரம், உரலை ‘வனஸ்பதியே’, அதாவது காட்டு மரமே, என்று அழைத்து, காற்று உன் உச்சியில் வீசுகிறது என்று சொல்லிவிட்டு, ‘உலூகலமே, இந்திரன் பருகச் சோமத்தைப் பிழி’ என்கிறது. வெட்டிக் குடைந்து வீட்டுக்குள் வைத்த பிறகும் அதன் உச்சியில் காற்று வீசிக்கொண்டிருக்கிறது. இந்த நினைவு நெடுங்காலம் தொடர்ந்திருக்கிறது. வீட்டில் சமைத்த உணவிலிருந்து அன்றாடம் இடவேண்டிய பலிகளைக் கூறும் மனு ஸ்மிருதி, வாசலில் மருத்துகள் என்ற காற்றுத் தேவர்களுக்கும் நீர் இருக்கும் இடத்தில் நீருக்கும் இட்ட பின், உரல் உலக்கை அருகே ‘வனஸ்பதிகளுக்கு’ என்று சொல்லி இடச் சொல்கிறது. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க் குடம் ஆகிய ஐந்தும் சிற்றுயிர்கள் மடியும் இடங்கள் என்று அதே நூலே வேறிடத்தில் எச்சரிக்கவும் செய்கிறது. அதர்வ வேதத்தின் சோற்றைப் போற்றும் பாடலோ ‘கண் உலக்கை, ஆசை உரல்’ என்று ஒரே அடியில் முடித்துக்கொள்கிறது. அதற்குப் பொழிப்புரை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மரவுரல் தமிழுக்கும் பழையது. குறிஞ்சிக்கலியில் தோழியும் தலைவியும் சந்தன உரலில் யானைத் தந்த உலக்கையால் இடித்துக்கொண்டே பாடுகிறார்கள். அந்த உரலின் வடிவம் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு வடமொழியில் ஒரு குறிப்பு உண்டு: வேள்விக்கான செங்கல் மேடையில் பதிக்கப்படும் அத்திமர உரல் நாற்கோணமாக இருந்தாலும், உரலின் உருவம் வருவதற்காக அதன் நடுப்பகுதியை ஒடுக்க வேண்டும் என்கிறது சதபத பிராமணம். இடை சிறுத்திருந்தால்தான் உரல் என்று அன்றைய கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. ‘உரற்கால் யானை’ என்ற குறுந்தொகைத் தொடரைப் படிக்கும்போதும் இதுபோன்ற ஓர் உருவத்தை நினைத்துக்கொள்கிறேன்.

மருத்துவ நூல்களில் இச்சொல் உடலுக்குள் போய்விடுகிறது. சுசுருதர் எலும்புகளின் மூட்டுகளை எட்டு வகையாகப் பிரிக்கும்போது, ஒரு வகைக்கு உலூகலம் என்றே பெயர் வைத்தார். அக்குள், தொடைச்சந்து, பற்கள் ஆகியவற்றில் உள்ள மூட்டுகள் இவ்வகை. குழியில் ஓர் எலும்பின் தலை உட்கார்ந்து எல்லாப் பக்கமும் திரும்பும் தோள்மூட்டையும் இடுப்பு மூட்டையும் நினைத்துப் பார்த்தால், உரலில் நிற்கும் உலக்கையைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது. சரகர் உடலின் 360 எலும்புகளை எண்ணும்போது 32 பற்களோடு 32 ‘தந்த உலூகலங்களையும்’ தனியாக எண்ணுகிறார். பல் வேரூன்றியிருக்கும் குழிகள் அவை. துறவிகளில் ஒரு பிரிவினருக்கு ‘தந்தோலூகலிகர்’ என்ற பெயரை மனு ஸ்மிருதியும் ராமாயணத்தின் ஆரணிய காண்டமும் வழங்குகின்றன. உரலோ உலக்கையோ வைத்துக்கொள்ளாமல், தானியத்தை உமியோடு வாயிலிட்டுப் பல்லாலேயே குற்றித் தின்பவர்கள் அவர்கள். வீட்டைத் துறந்தவன் உரலையும் துறக்க வேண்டும், துறந்த பின் அவன் வாயே உரலாகிறது. இல்லறத்தின் அடையாளமாக உரல் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு இதற்குமேல் சான்று தேவையில்லை.

பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில் யசோதை கண்ணனைக் கட்டிவைத்த கதை நமக்கு நன்றாகத் தெரிந்தது. அங்கே உலூகலம் எப்படியெல்லாம் கிடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். முதலில் அது கவிழ்ந்து கிடக்கிறது. அதன் அடிப்பாகத்தின்மேல் ஏறி நின்று குழந்தை குரங்குக்கு வெண்ணெய் கொடுக்கிறான். பிறகு, எவ்வளவு கயிறு சேர்த்தாலும் இரண்டு விரற்கடை குறைந்துகொண்டே போய், கடைசியில் அதே உரலோடு கட்டப்படுகிறான். அடுத்த அத்தியாயத்தில் அதை இழுத்துக்கொண்டு இரட்டை மருத மரங்களுக்கு நடுவே நுழையும்போது, உரல் குறுக்கே திரும்பிச் சிக்கிக்கொள்கிறது. இழுத்த வேகத்தில் மரங்கள் வேரோடு சாய்கின்றன. மேல்நோக்கித் திறந்தது என்று இலக்கணிகள் பெயர்க் காரணம் சொன்ன பொருள், இந்தக் கதையில் ஒருமுறைகூடத் தன் வழக்கமான வேலையைச் செய்வதில்லை. இதையே நம்மாழ்வார் ‘எத்திறம், உரலினோடு இணைந்திருந்து ஏங்கிய எளிவே’ என்று பாடினார். அந்த எளிமையைச் சொல்ல அவருக்கு உரல் தேவைப்பட்டது. தூணோடு கட்டியிருந்தால் இந்தப் பாட்டு இப்படி வந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

அமரகோசம் என்ற வடமொழி நிகண்டு உலக்கை, உரல், முறம், சல்லடை ஆகிய நான்கின் பெயர்களையும் ஒரே சுலோகத்தில் அடுக்கிவைத்திருக்கிறது. இடிப்பதும் புடைப்பதும் சலிப்பதும் ஒரே தொடர்வேலை என்பதால் அந்த அடுக்கு மனப்பாடம் செய்பவர்களுக்கு எளிதில் மறக்காது. வடமொழிச் சொல் பிராகிருதங்களின் வழியாகத் தேய்ந்து, இன்று இந்தியில் ‘ஓக்லி’ என்றும் மராட்டியில் ‘உகள்’ என்றும் வழங்குகிறது. உரலுக்குள் தலையைக் கொடுத்துவிட்டு உலக்கைக்கு அஞ்சலாமா என்று நாம் சொல்வதை இந்திக்காரர்களும் ஓக்லியை வைத்து அப்படியே சொல்கிறார்கள். மராட்டியில் ஒருவருக்குச் செல்வம் சேர்ந்துவிட்டால் அவருடைய ‘உகள் வெளுத்துவிட்டது’ என்பார்கள். ஓயாமல் அரிசி இடிபட்டு, தவிடும் மாவும் படிந்து உரலின் குழி வெளுத்திருப்பதைத்தான் அந்தச் சொல்வழக்கு குறிக்கிறது என்று நினைக்கிறேன். யாஸ்கர் ‘மிகுதியாக்குவது’ என்று சொன்னதற்கும் இதற்கும் அதிகத் தொலைவில்லை.